எய்ம்ஸ் கட்ட காசு தந்தது நியூசிலாந்து: யார் இந்த ராஜகுமாரி அம்ரித் கௌர்?

எய்ம்ஸ்னு சொன்னதும் டெல்லி ஞாபகம் வரும். நமக்கு மதுரையும் சேர்ந்தே வரும். ஆனா, அந்தப் பெயருக்குப் பின்னால் இருக்கும் பெண்ணைப் பற்றி எத்தனை பேருக்குத் தெரியும்?

அரண்மனை டு ஆசிரமம்

1887-ல் லக்னோவில் பிறந்தவர் அம்ரித் கௌர். கபூர்தலா அரச குடும்பம், படிப்பு இங்கிலாந்தில். ஊர் திரும்பியவர் காந்தியைப் பின்பற்றி, பல ஆண்டுகள் அவருடைய செயலாளராக இருந்தார். சிறைக்கும் போனார். 1947-ல் சுதந்திர இந்தியாவின் முதல் சுகாதார அமைச்சர் ஆனார். பத்து ஆண்டுகள் அந்தப் பொறுப்பில் இருந்தார்.

கஜானா காலி, நோய் ஏராளம்

அப்போது இந்தியாவில் ஆண்டுக்கு சுமார் 7.5 கோடி பேருக்கு மலேரியா வந்ததாகவும், 8 லட்சம் பேர் அதனால் இறந்ததாகவும் மதிப்பிடப்பட்டது. கூடவே காசநோய். அரசிடம் பணம் இல்லை. வெளியே கேட்டுத்தான் ஆகணும்.

கேட்டார். ஆனா கையேந்தும் நாடாக மட்டும் இந்தியா நிற்கவில்லை. 1950-ல் உலக சுகாதார நிறுவனத்தின் பேரவைக்கு அவர் தலைவரானார். அந்த இருக்கையில் அமர்ந்த முதல் பெண்ணும், முதல் ஆசியரும் அவர்தான்.

எய்ம்ஸ் எப்படி வந்தது?

இப்படி ஒரு நிறுவனம் வேண்டும் என்று 1946-லேயே போர் கமிட்டி பரிந்துரைத்திருந்தது. கொழும்புத் திட்டத்தின் கீழ் நியூசிலாந்து 10 லட்சம் பவுண்ட் தந்தது. 1952-ல் அடிக்கல் நாட்டப்பட்டது.

பணம் வெளிநாட்டுடையது, விதிகள் நம்முடையவை. 1956-ல் அவர் கொண்டுவந்த சட்டம் எய்ம்ஸுக்குத் தன்னாட்சி கொடுத்தது. மாணவர் சேர்க்கை தகுதியை வைத்துத்தான். டாக்டர்கள் தனியாக பிராக்டீஸ் செய்யக் கூடாது. இதிலெல்லாம் உறுதியாக இருந்தார். சிம்லாவில் இருந்த குடும்ப வீட்டையும், ஊழியர்கள் ஓய்வெடுக்க எய்ம்ஸுக்கே கொடுத்துவிட்டார்.

ராஜாஜி எதிர்த்தார்

காசநோய்க்கான பிசிஜி தடுப்பூசி மருந்து சென்னை கிண்டியில் தயாரானது. திட்டத்துக்கு யுனிசெஃப் உதவியது. ஆனா 1955-ல் இந்தத் தடுப்பூசியைக் கடுமையாக எதிர்த்தவர் ராஜாஜி! காந்திக்கு நெருக்கமான இருவர், எதிரெதிர் பக்கம். திட்டம் நிற்கவில்லை.

எல்லாவற்றிலும் அவர் சரியாக இருந்தார் என்று சொல்ல முடியாது. காந்திய நம்பிக்கையால் செயற்கைக் கருத்தடை முறைகளை ஏற்க மறுத்தார். குடும்பக் கட்டுப்பாட்டில் தொடக்க ஆண்டுகள் அப்படியே போய்விட்டன.

கடைசியில் என்ன ஆச்சு?

1953-ல் அமெரிக்க உதவியோடு டிடிடி தெளிக்கும் மலேரியா திட்டம் தொடங்கியது. அவர் 1964-ல் இறந்தார். அதற்கு அடுத்த ஆண்டு, மலேரியா பாதிப்பு சுமார் 1 லட்சமாகக் குறைந்திருந்தது.

கதை அங்கேயே முடிந்திருந்தால் நல்லா இருந்திருக்கும். கொசு மருந்துக்குப் பழகிக்கொண்டது. நிதியும் கண்காணிப்பும் தளர்ந்தன. 1976-ல் பாதிப்பு 64 லட்சத்தைத் தாண்டியது.

எய்ம்ஸ் நிற்கிறது, மலேரியா திரும்பி வந்தது. இரண்டுக்கும் வெளியிலிருந்து பணம் வந்தது. ஒன்றுக்கு அதைத் தொடர்ந்து நடத்த ஒரு சட்டமும் நிறுவனமும் இருந்தன. இன்னொன்றை, நோய் குறைந்ததும் நாமே கொஞ்சம் மறந்துவிட்டோம்.