யார் இந்த ஹென்றி ராய்ஸ்? கியரே மாற்றத் தேவையில்லாத காரைத் தேடியவரை ஒரு மலைப்பாதை திருப்பிய கதை!

பெங்களூரிலிருந்து தருமபுரி வழியாக சேலம் போகிற லாரி டிரைவர்களுக்கு தொப்பூர் கணவாய் என்றாலே கொஞ்சம் பயம்தான். நீளமான இறக்கம், வளைவு, முதுகில் டன் கணக்கில் லோடு. டீசல் மிச்சம் பிடிக்க சிலர் கியரை நியூட்ரலில் தள்ளிவிட்டு வண்டியை உருள விடுவார்கள். அப்போது வண்டியைப் பிடிக்க பிரேக் மட்டும்தான் மிச்சம். அது சூடாகி ஒரு கட்டத்தில் பிடிக்காமல் போகும். இங்கே 2020 டிசம்பரில் லாரி மோதிய விபத்தில் 4 பேர் இறந்தார்கள். 2024 ஜனவரியில் இன்னொரு விபத்து, அதிலும் 4 பேர். நியூட்ரலில் இறங்காதீர்கள் என்று போலீஸ் சொல்லிக்கொண்டேதான் இருக்கிறது.

லாரியை விடுங்கள். அதே இறக்கத்தில் ஒரு கோடி ரூபாய் ஆட்டோமேட்டிக் காரில் வருபவருக்கு கியர் பற்றிய கவலை உண்டா? D போட்டாச்சு, அவ்வளவுதான். சில கார்களில் கியர் ராடு இரண்டு சீட்டுக்கும் நடுவில் இருக்கும். சிலதில் ஸ்டீயரிங் பக்கத்தில் வைப்பர் தண்டு மாதிரி சின்னதாக நீட்டிக்கொண்டிருக்கும். சிலதில் வெறும் பட்டன், சிலதில் திருகு. இது அழகு சமாச்சாரம் மட்டும் இல்லை. ஓட்டுபவருக்கு இந்தக் காரில் என்ன வேலை என்று கம்பெனி நினைக்கிறது என்பதை அந்த ராடு இருக்கும் இடமே காட்டிக்கொடுத்துவிடும்.

இந்தக் கேள்வியோடு வாழ்நாள் முழுக்க மல்லுக்கட்டியவர்தான் ரோல்ஸ் ராய்ஸின் இரண்டாவது பாதி, ஹென்றி ராய்ஸ்.

பேப்பர் போட்ட பையன்

ரோல்ஸ் ராய்ஸ் என்றதும் பிறவிப் பணக்காரர்களாக இருப்பார்கள் என்று நினைப்போம். சார்லஸ் ரோல்ஸ் அப்படித்தான், பிரபு வீட்டுப் பிள்ளை. ராய்ஸ் நேர் எதிர். இங்கிலாந்தின் பீட்டர்பரோ பக்கத்தில் ஆல்வால்டன் என்ற கிராமத்தில் 1863 மார்ச் 27 அன்று பிறந்தார். அப்பா மாவு மில் நடத்தி நொடித்துப்போனவர். ராய்ஸுக்கு 9 வயதாகும்போது அப்பாவும் போய்விட்டார். பையன் லண்டனில் பேப்பர் விற்றான், தந்தி கொண்டுபோய்க் கொடுத்தான். ஒழுங்கான பள்ளிப் படிப்பு கிடைக்கவில்லை.

ஒரு அத்தை பணம் கட்டி, 1878-ல் ரயில்வே பட்டறையில் தொழில் பழகச் சேர்த்துவிட்டார். மூன்று வருஷத்தில் அந்தப் பணமும் தீர்ந்தது. 1884-ல் எர்னஸ்ட் கிளேர்மான்ட் என்பவரோடு சேர்ந்து மான்செஸ்டரில் சின்னப் பட்டறை போட்டார். முதலில் காலிங் பெல் மாதிரி சின்னச் சின்ன மின்சாதனங்கள், பிறகு டைனமோ, பிறகு கிரேன். வேலையில் உட்கார்ந்தால் சாப்பாடு மறந்துவிடும் ஆள். பட்டறைப் பையன்கள் பால் டம்ளரோடு அவர் பின்னால் சுற்றுவார்களாம். பிற்காலத்தில் உடம்பு மொத்தமாகக் கெட்டதில் இந்தப் பட்டினிக்கும் பங்கு உண்டு என்பார்கள்.

1903-ல் டெகாவில் என்ற பிரெஞ்சு காரை செகண்ட் ஹேண்டில் வாங்கினார். ஓட்டிப் பார்த்தார், பிரித்துப் போட்டார், இதைவிட நன்றாக நாமே செய்யலாமே என்று இறங்கிவிட்டார். 1904 ஏப்ரல் 1-ஆம் தேதி அவருடைய முதல் கார் பட்டறையை விட்டு ஓடியது. அடுத்த மாதமே மான்செஸ்டர் மிட்லாண்ட் ஹோட்டலில் ரோல்ஸைச் சந்தித்தார். செய்வது ஒருவர், விற்பது இன்னொருவர் என்று பேச்சு முடிந்தது.

அந்தக் காலத்து கியர் என்றால் சும்மாவா?

இன்றைக்கு நாம் சுலபமாக கியர் மாற்றுகிறோம். அன்றைக்கு அது ஒரு வித்தை. சுற்றிக்கொண்டிருக்கும் இரண்டு பல்சக்கரங்களின் வேகத்தை காலாலும் காதாலும் கணக்குப் போட்டுச் சேர்க்க வேண்டும். கொஞ்சம் தப்பினால் கறகற என்று ஊரே திரும்பிப் பார்க்கும், பல்லும் உடையும். ராய்ஸின் கார்களும் இதற்கு விலக்கு இல்லை. 1905-ல் டூரிஸ்ட் டிராபி பந்தயத்தில் ரோல்ஸ் ஓட்டிய கார் முதல் சுற்றிலேயே கியர் உடைந்து நின்றுபோனது. அடுத்த வருஷம் அதே பந்தயத்தை ஜெயித்தார்கள் என்பது வேறு கதை.

அதனால் அன்றைய சொகுசுக்கு ஒரே அளவுகோல்தான்: எவ்வளவு குறைவாக கியரைத் தொடுகிறோம்? சில்வர் கோஸ்ட் என்று உலகம் கொண்டாடும் 40/50 காரை ராய்ஸ் கொண்டுவந்தபோது அதில் நான்கு கியர் இருந்தது. 7 லிட்டர், ஆறு சிலிண்டர் இன்ஜின். டாப் கியரிலேயே மேடு ஏறும் அளவுக்கு இழுவை. அப்புறம் எதற்கு நான்கு கியர் என்று 1909-ல் மூன்றாகக் குறைத்தார்கள். 1911-ல் லண்டனிலிருந்து எடின்பரோ வரை, ஒரு வழிக்கே சுமார் 640 கிலோமீட்டர், டாப் கியரை விட்டு இறங்காமலே போய்த் திரும்பியது ஒரு கார். மைலேஜ் லிட்டருக்கு எட்டரை கிலோமீட்டருக்கு மேல். பிறகு அதே காரை மணிக்கு 125 கிலோமீட்டர் வேகத்தில் விரட்டியும் காட்டினார்கள். கியர் ராடுக்கு வேலையே இல்லை என்பதுதான் விளம்பரமே.

மலை சொன்ன பதில்

1912. ஆல்ப்ஸ் மலைப்பாதைகளில் நடந்த கார் சோதனை ஓட்டம். ஜேம்ஸ் ராட்லி என்ற தனிநபர் தன் ரோல்ஸ் ராய்ஸோடு கலந்துகொண்டார். ஆஸ்திரியாவின் காட்ஷ்பெர்க் கணவாயில் செங்குத்தான ஏற்றம் ஒன்றில் கார் நின்றுவிட்டது. இன்ஜினில் வலு இல்லாமல் இல்லை. அந்த வலுவை மெதுவாக, அழுத்தமாகச் சக்கரத்துக்குக் கொடுக்கிற அளவுக்கு முதல் கியர் சின்னதாக இல்லை. உள்ளே இருந்தவர்கள் இறங்கிய பிறகுதான் கார் நகர்ந்தது. உலகின் சிறந்த கார் என்று பெயர் எடுத்த வண்டி, பயணிகளை இறக்கிவிட்டு மேடு ஏறியது. எவ்வளவு பெரிய அவமானம் பாருங்கள்.

அந்த நேரத்தில் ராய்ஸ் படுத்த படுக்கை. 1910-ல் ரோல்ஸ் விமான விபத்தில் இறந்திருந்தார். அடுத்த வருஷமே ராய்ஸின் உடல் உடைந்தது, பெரிய ஆபரேஷன் நடந்தது. டெர்பி ஃபேக்டரிக்குத் திரும்ப முடியாமல் பிரான்ஸின் தெற்குக் கடற்கரையிலும், பிறகு இங்கிலாந்தின் சசெக்ஸ் பக்கமும் தங்கி, கடிதத்திலும் வரைபடத்திலும்தான் கம்பெனியின் டிசைன் வேலையை நடத்தினார்.

சாக்குச் சொல்லியிருக்கலாம். மலைக்குப் போனது தனியார் வண்டி, எங்கள் டீம் இல்லை என்று நகர்ந்திருக்கலாம். ஆனால், கம்பெனி எடுத்த கியரைத் திருப்பிக் கொடுத்தது. நான்கு கியர், பலம் கூட்டிய இன்ஜின். 1913-ல் கம்பெனி டீமே அதே ஆல்ப்ஸுக்குப் போய் பரிசுகளை அள்ளிக்கொண்டு வந்தது. ஆல்பைன் ஈகிள் என்ற பெயர் அந்தக் கார்களுக்கு அப்படி ஒட்டியதுதான்.

சின்ன கியரின் அருமை ஏறும்போது மட்டும் இல்லை, இறங்கும்போதும்தான். சின்ன கியரில் இருந்தால் சக்கரம் இன்ஜினைச் சுற்ற வேண்டியிருக்கும், இன்ஜின் சக்கரத்தைப் பிடித்து இழுக்கும். பிரேக் சூடாகாது. தொப்பூரில் நியூட்ரல் போடும் டிரைவர் வேண்டாம் என்று தூக்கிப்போடுவது இந்தப் பிடியைத்தான்.

நடுவிலா, வலது பக்கமா?

1922-ல் ராய்ஸ் இன்னொரு பரீட்சை செய்து பார்த்தார். டிரைவர் வைக்காமல் தானே ஓட்டும் ஆட்களுக்காக ட்வென்டி என்ற சின்ன ரோல்ஸ் ராய்ஸ். மூன்று கியர், ராடு அமெரிக்க கார்கள் மாதிரி நடுவில். வாடிக்கையாளர்களுக்குப் பிடிக்கவில்லை. அதுவரை பெரிய காரில் ராடு ஓட்டுபவரின் வலது கைப் பக்கம், கதவை ஒட்டி இருக்கும். 1925-ல் ட்வென்டிக்கும் நான்கு கியர் வந்தது, ராடு வலது பக்கம் போனது. பிரேக்கும் நான்கு சக்கரத்துக்கும் வந்தது. பெரிய காரில் ஏற்கெனவே செய்த மாதிரி, கியர்பாக்ஸின் சுழற்சியையே கடன் வாங்கி, மிதிக்கிற காலுக்கு உதவுகிற பிரேக். 1932-ல் பல் உரசாமல் சேர உதவும் சிங்க்ரோமெஷ் மேல் கியர்களில் வந்தது.

இதில் ராய்ஸின் போக்கு நன்றாகத் தெரிகிறது. கையின் சிரமத்தைக் குறைத்துக்கொண்டே போகிறார். ஆனால் முடிவெடுக்கும் வேலையை ஓட்டுபவரிடமிருந்து முழுசாகப் பிடுங்கவில்லை. ஸ்டீயரிங் நடுவில் இன்ஜின் வேகத்துக்கு ஒன்று, ஸ்பார்க் நேரத்துக்கு ஒன்று என்று குட்டி லீவர்கள் வேறு. இதையெல்லாம் கையாள டிரைவர்களுக்குக் கம்பெனியே பயிற்சிப் பள்ளி நடத்தியது.

1930-ல் சர் பட்டம். 1933 ஏப்ரல் 22 அன்று வெஸ்ட் விட்டரிங் கிராமத்து வீட்டில் ராய்ஸ் இறந்தார். 70 வயது. தானாக கியர் மாறும் ரோல்ஸ் ராய்ஸை அவர் பார்க்கவே இல்லை.

அவருக்குப் பிறகு

அது வந்தது 1952-ல். அதுவும் சொந்தச் சரக்கு இல்லை, அமெரிக்காவின் ஜெனரல் மோட்டார்ஸ் கண்டுபிடித்த ஹைட்ராமேட்டிக். 1955-ல் வந்த சில்வர் கிளவுடில் ராடு ஸ்டீயரிங் தண்டில்தான் இருந்தது. நம்ம ஊர் பழைய அம்பாசிடரிலும் பிரீமியர் பத்மினியிலும் ஸ்டீயரிங் பக்கத்தில்தான் கியர், ஞாபகம் இருக்கிறதா? ஆனால் அங்கே காரணம் வேறு. முன்சீட்டில் இன்னொரு ஆளை நெருக்கி உட்கார வைக்க இடம் கிடைக்கும். ரோல்ஸ் ராய்ஸில் யாரும் நெருக்கி உட்காரப் போவதில்லை. அங்கே ராடு கண்ணில் படாமல் ஒதுங்குகிறது, அவ்வளவுதான்.

இன்றைக்கும் அவர்கள் அந்த இடத்தை மாற்றவில்லை. ஒரு காலத்தில் ஒரே கம்பெனியாக இருந்த பென்ட்லி, பிரிந்துபோன பிறகு 2003-ல் கான்டினென்டல் ஜிடியைக் கொண்டுவந்தபோது ராடை இரண்டு சீட்டுக்கும் நடுவில், கைக்கு வாகாக வைத்தது. ஓட்டும் ஆசை உள்ள முதலாளிக்கு அது. ரோல்ஸ் ராய்ஸிலோ மெலிதான தண்டு, அதை விரலால் தட்டினால் போதும். கையால் கியர் மாற்றும் வசதியே கிடையாது. 2013-ல் வந்த ரெய்த் கார், முன்னால் வளைவா மேடா என்பதை ஜிபிஎஸ் வழியாகத் தெரிந்துகொண்டு எந்த கியர் வேண்டும் என்று தானே எடுத்துக்கொள்கிறது.

ஆனாலும் அந்தத் தண்டில் ஒரு பட்டனை விட்டுவைத்திருக்கிறார்கள். அதன் பெயர் லோ. அழுத்தினால் கியர் கீழே இறங்கி நிற்கும். நீங்கள் ஓட்டும் ஆட்டோமேட்டிக் காரிலும் L, B, S, M என்று ஏதோ ஒரு எழுத்தில் இதே வேலை செய்யும் ஒன்று பெரும்பாலும் இருக்கும், இல்லையென்றால் ஸ்டீயரிங்குக்குப் பின்னால் மைனஸ் குறி போட்ட பட்டை இருக்கும். தொப்பூர் இறக்கம் தொடங்குவதற்கு முன்னாலேயே, வேகத்தைக் குறைத்துவிட்டு, அதைப் போட வேண்டும்.