வழக்கறிஞர் வ. உ. சிதம்பரனார்

பீளமேட்டிலிருந்து பேருந்தேறிக் கல்லூரிக்கு வரும் என்னைப் போன்றோர், காந்திபுரத்தில் மத்திய சிறை அமைந்த இடத்தைக் கடந்துதான் வருகிறோம். அங்கே வ. உ. சி. செக்கிழுத்தார் என்பது பள்ளிப் பிள்ளைகளுக்கும் தெரியும். ஆனால், ஒரு வழக்கறிஞராக அவர் செய்த தொழிலைப் பற்றி நம்மில் பேசுவோர் குறைவே.

1872 செப்டம்பர் 5-ஆம் நாள் ஒட்டப்பிடாரத்தில் பிறந்தவர் சிதம்பரனார். தந்தையார் உலகநாதரும் வழக்கறிஞரே. மகனார் 1895-இல் சொந்த ஊரில் தொழிலைத் தொடங்கிப் பின்னர் தூத்துக்குடிக்குச் சென்றார். ஏழை எளியவர்களுக்காகக் குற்றவியல் வழக்குகளை நடத்திப் பெயர் பெற்றார்.

தூத்துக்குடிக்கும் கொழும்புக்கும் இடையிலான கடல் வாணிபம் அப்போது பிரிட்டிஷ் இந்தியா கம்பெனியின் பிடியில் இருந்தது. நம் வணிகர்கள் முதலில் கப்பல்களை வாடகைக்கு அமர்த்திப் பார்த்தார்கள். வெள்ளையர் கொடுத்த நெருக்கடியில் அது நிலைக்கவில்லை. சொந்தக் கப்பல் வாங்கப் பெரும்பணம் வேண்டும். அதற்கு வ. உ. சி. கண்ட வழி, 1906 அக்டோபரில் பதிவான சுதேசி ஸ்டீம் நாவிகேஷன் கம்பெனி. மூலதனம் 10 இலட்சம் ரூபாய். அது 25 ரூபாய் வீதம் 40,000 பங்குகளாகப் பிரிக்கப்பட்டது. வணிகவியல் மாணவர்கள் இந்தக் கணக்கைச் சற்று நின்று பார்க்க வேண்டும். வரையறுக்கப்பட்ட கம்பெனியில், தொழில் நொடித்தாலும் பங்குதாரருக்குப் போவது பங்குப் பணம் மட்டுமே. வீடும் நிலமும் தப்பும். அதனால் 25 ரூபாய் வைத்திருந்த சிறு வியாபாரியும் துணிந்து சேரலாம். ஹாஜி முகமது பக்கீர் சேட் ஒருவரே 8,000 பங்குகளுக்கு 2 இலட்சம் கொடுத்தார். பங்குகளை ஆசியர் மட்டுமே வாங்கலாம் என்ற விதியும் இருந்தது. மேடைப் பேச்சைவிட அந்த ஒரு விதி வெள்ளையரை அதிகம் உறுத்தியிருக்கும் என்பது என் எண்ணம்.

காலியா, லாவோ என்னும் கப்பல்கள் வந்தன. வெள்ளையர் கம்பெனி கட்டணத்தை மேலும் மேலும் குறைத்தது. 1908 மார்ச்சில் வ. உ. சி. கைதானார், ஜூலையில் நீதிபதி பின்ஹே இரட்டை ஆயுள் தண்டனை விதித்தார். மேல்முறையீட்டில் தண்டனை குறைந்தது. கோவைச் சிறையில் அவருக்கு உற்ற துணையாக நின்றவர் இவ்வூர் வழக்கறிஞர் சி. கே. சுப்பிரமணிய முதலியார்; பெரியபுராணத்துக்கு உரை கண்ட அதே சிவக்கவிமணிதான்.

1912 டிசம்பரில் கண்ணனூர்ச் சிறையிலிருந்து விடுதலையானபோது கம்பெனி கலைக்கப்பட்டுவிட்டது. அதன் கப்பலொன்று போட்டிக் கம்பெனியிடமே விலை போயிருந்தது. வழக்காடும் சன்னதும் பறிபோயிற்று. பலருக்கும் வழக்காடியவர் பிழைப்புக்காகச் சென்னையில் கடை வைத்தார். சிறிது காலம் நம் கோவையில் வங்கியொன்றில் வேலை பார்த்தார். பல ஆண்டுகளுக்குப் பின் வாலஸ் என்னும் ஆங்கிலேய நீதிபதியின் உதவியால் சன்னது திரும்பக் கிடைத்தது. அந்த நன்றியை மறவாமல் தம் மகனுக்கு வாலேசுவரன் என்று பெயரிட்டார். ஆட்சியை எதிர்த்தவர் மனிதரை வெறுக்கவில்லை.

கோவில்பட்டியிலும் தூத்துக்குடியிலும் மறுபடி வழக்காடினார், வருவாய் பெருகவில்லை. 1936 நவம்பர் 18-ஆம் நாள் மறைந்தார். கடைசியாக அவர் எழுதிவைத்தது தம் சொந்த உயில். பிறர் தமக்குத் தர வேண்டியதைவிட, தாம் பிறருக்குத் தர வேண்டியதையே அதில் கருத்தாகக் குறித்திருந்தார். அந்தக் கடன்களில் ஒன்று, எண்ணெய்க் கடைப் பாக்கி.