கதை நடத்திய வாத்தியார்



ஒரு மேசையைச் சுற்றி நாலைந்து பேர். ஒருத்தர் கதையை நடத்துவார். மற்றவங்க ஆளுக்கொரு பாத்திரம் ஏற்று, பகடை உருட்டி, அந்த நேரத்தில் தோன்றுவதைப் பேசி கதையை வளர்ப்பாங்க. 1974-ல் அமெரிக்காவில் வெளிவந்த 'டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ்' இந்த வகை ஆட்டம்தான். ஏதோ புதுசு என்று வியக்க வேண்டாம்! ஜவ்வாது மலையில் திருவிழா ராத்திரியில் விடிய விடிய கூத்து பார்த்தவங்களுக்குக் கட்டியங்காரன் அவ்வப்போது இட்டுக்கட்டிப் பேசுவது தெரியும். தென்மாவட்டங்களில் 'ஸ்பெஷல் நாடகம்' என்று ஒன்று உண்டு. ஊருக்கொரு நடிகர் வந்து சேருவார். ஒத்திகை கிடையாது, டைரக்டர் கிடையாது. வள்ளியும் நாரதரும் மேடையிலேயே தர்க்கம் செய்வாங்க. கதையும் பாட்டும் மட்டும் முன்பே தெரிந்தவை. அவற்றில் பெரும்பகுதியை எழுதிக் கொடுத்தவர்தான் தவத்திரு சங்கரதாஸ் சுவாமிகள்!

1867 செப்டம்பர் 7-ல் தூத்துக்குடி அருகே காட்டுநாயக்கன்பட்டியில் பிறந்தார். பழனி தண்டபாணி சுவாமிகளிடம் தமிழ் பயின்றார். உப்பளத்தில் கணக்கு எழுதும் வேலை பார்த்தார். கணக்கு நோட்டில் மனசு நிற்குமா? 1891-ல், 24 வயதில், வேலையை விட்டு நாடகக் கம்பெனியில் சேர்ந்துவிட்டார்.

இரணியன், இராவணன், எமன், சனீஸ்வரன்... எல்லாம் பயங்கரமான வேஷங்கள். அவர் எமனாக வந்து கர்ஜித்ததைக் கேட்டு, கூட்டத்தில் இருந்த ஒரு கர்ப்பிணிக்குக் கரு கலைந்துவிட்டதாகச் சொல்வார்கள். வேறொருத்தராக இருந்தால் அதைத் தன் நடிப்புக்குக் கிடைத்த சர்டிபிகேட் என்று மார் தட்டியிருப்பார். சுவாமிகள் வேஷம் கட்டுவதையே நிறுத்திவிட்டார். காவி உடுத்தி யாத்திரை போனார். புதுக்கோட்டை கஞ்சிரா மேதை மான்பூண்டியா பிள்ளை அவரைப் பிள்ளை போல அணைத்துக்கொண்டார். பிறகு மீண்டும் நாடகத்துக்கு வந்தார், ஆனால் நடிகராக அல்ல, ஆசிரியராக!

வள்ளி திருமணம், பவளக்கொடி, சத்தியவான் சாவித்திரி, கோவலன் என்று நாற்பதுக்கும் மேற்பட்ட நாடகங்கள் எழுதினார். பெரியவர்களை வைத்து நாடகம் நடத்துவதில் ஒரு சிக்கல். இஷ்டத்துக்குப் பேசிப் பேசி கதையை எங்கேயோ கொண்டுபோய் விடுவாங்க. விதி இல்லாத ஆட்டத்தில் கதை ஏது? அதனால் 1918-ல் மதுரையில் 'தத்துவ மீனலோசனி வித்துவ பால சபா' தொடங்கி, சிறுவர்களுக்குப் பாடமும் பாட்டும் கண்டிப்பாகச் சொல்லிக்கொடுத்தார். டி.கே.எஸ். சகோதரர்கள் அங்கே உருவானவர்கள்தான். சிறுவன் சண்முகத்துக்காக 'அபிமன்யு சுந்தரி' நாடகம் முழுவதையும் ஒரே இரவில் எழுதி முடித்தார். நாம பரீட்சைக்கு முந்தின ராத்திரி புத்தகம் தேடுகிறோம், அவர் அதே ஒரு ராத்திரியில் புத்தகமே எழுதிட்டார்!

ஆயிரம் வாய்களுக்குப் பேச்சு கொடுத்த அவருக்குக் கடைசியில் வந்த கொடுமை என்ன தெரியுமா? பக்கவாதம் வந்து பேச்சு போய்விட்டது. 1922 நவம்பர் 13-ல் புதுச்சேரியில் காலமானார். ஆனால் ஸ்பெஷல் நாடக மேடையில் அவர் பாட்டைப் பாடி, சொந்தப் பேச்சைப் பேசுகிறவர்கள் நூறாண்டு கழித்தும் இருக்கிறார்கள்.

நண்பர்களே, நம்ம நிலைமையை யோசிங்க. ரெக்கார்டு நோட்டை அட்சரம் பிசகாமல் ஒப்பிக்கிறோம். வைவாவில் எக்ஸ்டர்னல் ஒரு கேள்வியைத் திருப்பிப் போட்டால் நாக்கு ஒட்டிக்கொள்கிறது. கேம்பஸ் இன்டர்வியூவிலும் அதே கதை. மலையிலிருந்து வந்த எத்தனை நல்ல பசங்க, விஷயம் தெரிந்தும் வாய் திறக்காததால் வேலையை இழக்கிறாங்க!

ஹாஸ்டலில் ஞாயிற்றுக்கிழமை ஐந்து பேர் உட்காருங்க. ஒருத்தர் கதையை நடத்தட்டும். பகடை இல்லையா? தாயக்கட்டை போதும். வில்லன் பாத்திரத்தை முதலில் கூச்சப்படுகிற பையனுக்குக் கொடுங்க. அவன் பேசி முடிக்கிற வரை யாரும் சிரிக்கக் கூடாது. அந்த ஒரு விதி கட்டாயம்!