நுரையைப் படிப்பாக்கியவர்

எங்கள் குறிஞ்சிப்பிட்டிப் பக்கம் தென்னங்கள்ளு முட்டியிலேயே நுரைத்துவிடும். அந்த நுரையைப் போத்தலுக்குள் அடக்கி வைப்பதுதான் வித்தை. இத்தாலியில் அந்த வித்தைக்கு ஒரு பள்ளிக்கூடமே கிடைக்கக் காரணமானவர்களில் ஒருவர் அன்டோனியோ கார்பெனே.

1838இல் பிறந்த இவர் ஓர் இரசாயனவியலாளர். 1868இல் கொனெலியானோ நகரில் ஆலை தொடங்கி, புரொசெக்கோ திராட்சையில் நுரைக்கும் வைன் செய்தார். மகனுக்கு எதில் என்று இரசாயனப் பெயரையே வைத்தார், அவ்வளவு பித்து!

எனக்கு ஆலையைவிடப் பெரிதாகப் படுவது வேறொன்று. 1876இல் செர்லெத்தி என்பவருடன் சேர்ந்து, திராட்சை வளர்ப்பும் வைன் தயாரிப்பும் கற்பிக்கும் பாடசாலையை அதே நகரில் உருவாக்கினார். தொழில் இரகசியத்தைக் குடும்பத்துக்குள்ளேயே பூட்டி வைக்கவில்லை. இங்கே சீவல் தொழில் தகப்பனிடமிருந்து மகனுக்குத்தான் போகிறது. மகன் மரமேற மறுத்தால் அத்தோடு சரி.

கார்பெனே 1902இல் இறந்தார். அந்தப் பாடசாலையில் இன்றும் வகுப்புகள் நடக்கின்றன.