அலைகளை எண்ணிய அறிஞர்

காதில் ஹெட்ஃபோனை மாட்டிக்கொண்டு கைப்பேசியில் பாடல் கேட்கிறோம். அந்தப் பாடல் கைப்பேசிக்குள் ஒலியாக இருப்பதில்லை. வெறும் எண்களாகவே இருக்கிறது. அவ்வெண்களை மீண்டும் இசையாக்கும் கருவிக்கு அடிப்படையான கணிதத்தைத் தந்தவர், மின்விளக்கு வீடுகளுக்கு வராத காலத்து மனிதர். அவரே பிரெஞ்சு அறிஞர் ஜோசப் ஃபூரியர்.

1768-ஆம் ஆண்டு மார்ச் 21-ஆம் நாள் ஓசேர் என்னும் ஊரில் ஒரு தையற்காரரின் மகனாகப் பிறந்தார். பத்து வயதளவில் தாயையும் தந்தையையும் இழந்தார். ஆதரவற்ற அச்சிறுவனுக்குப் புனித ஆசீர்வாதப்பர் சபைத் துறவியர் தம் பள்ளியில் கல்வி அளித்தனர். மெழுகுவர்த்தித் துண்டுகளைச் சேர்த்து வைத்து, எல்லோரும் உறங்கியபின் அவர் கணிதம் பயின்றார் என்பர். 1787-இல் அச்சபையின் மடத்தில் நவசந்நியாசியாகச் சேர்ந்தார். 1789-இல் புரட்சி வெடித்தது. வார்த்தைப்பாடு கொடுக்காமலே மடத்தை விட்டு வந்து, தாம் படித்த பள்ளியிலேயே ஆசிரியரானார். 1794-இல் சிறைவாசமும் அனுபவித்தார்.

1802-இல் நெப்போலியன் அவரை கிரெனோபிள் நகரில் ஆட்சித் தலைவராக அமர்த்தினார். சதுப்பு நிலங்களை வடித்தல், சாலை அமைத்தல் ஆகிய பணிகளுக்கிடையே, வெப்பம் எவ்வாறு பரவுகிறது என்று ஆராய்ந்தார். எவ்வளவு கரடுமுரடான அலையையும் எளிய, சீரான அலைகளின் கூட்டாக எழுதலாம் என்று 1807-இல் அறிவித்தார். மாமேதை லக்ராஞ்சு அதனை ஏற்கவில்லை. 1812-இல் பரிசு கிடைத்தது. ஆயினும் நிரூபணம் போதாது என்ற குறையும் உடன் கூறப்பட்டது. ஃபூரியர் சோர்ந்துவிடவில்லை. 1822-இல் தம் ஆய்வை நூலாக வெளியிட்டார். பாரிசில் அவருடன் பழகிய இளைஞர் டிரிக்லே, அக்கருத்து எந்நிலைகளில் பொருந்தும் என்பதை 1829-இல் நிறுவினார். மறு ஆண்டு மே 16-ஆம் நாள் ஃபூரியர் மறைந்தார்.

வெப்பத்திற்காகப் பிறந்த கணக்கு ஒலிக்கும் உதவியது. வயலினும் புல்லாங்குழலும் ஒரே சுரத்தை இசைத்தாலும் வேறுபட்டு ஒலிப்பது ஏன்? அவற்றில் கலந்துள்ள எளிய அலைகளின் அளவு வேறு என்பதால்தான். இசைத்தட்டான சி.டி.யில் ஒலி நொடிக்கு 44,100 முறை அளந்து எண்ணாக்கப்படுகிறது. அதில் பாதியான 22,050 அதிர்வுகளுக்குட்பட்ட அலைகளை அவ்வெண்களிலிருந்து மீட்கலாம். நம் செவிக்கோ ஏறத்தாழ 20,000 வரைதான் கேட்கும். எண்களை மின்னலையாக மாற்றும்போது, அந்த எல்லைக்கு மேலே தேவையற்ற அலைகளும் தோன்றும். இசையைத் தொடாமல் அவற்றை மட்டும் நீக்க ஒரு வடிகட்டி வேண்டும். அது செம்மையாக அமையாவிடில் மேல்சுரங்கள் மங்கும். எண்களை வெளியிடும் கடிகாரத் துடிப்பு தடுமாறினால், பாடலில் இல்லாத அலைகள் கலந்துவிடும். ஹெட்ஃபோன் செவியை ஒட்டியிருப்பதால் மெல்லிய இரைச்சலும் தெளிவாகக் கேட்கும். இக்குறைகளைக் கண்டுபிடிக்கப் பொறியாளர் கையாள்வதும் ஃபூரியரின் முறையே.

மாணவியரே, பெற்றோரை இழந்த ஒரு சிறுவனுக்குத் துறவியர் அளித்த கல்வி எத்துணைத் தொலைவு பயன் தந்திருக்கிறது பாருங்கள்! பெரியோர் ஐயுற்றபோதும் ஃபூரியர் தம் கருத்தைக் கைவிடவில்லை; பதினைந்து ஆண்டுகள் உழைத்து அதை நூலாக்கினார். கணிதப் பாடம் கடினமாகத் தோன்றும் வேளையில், அந்த மெழுகுவர்த்தித் துண்டுகளை நினைவில் கொள்வோமாக.