முக்கோணங்களால் நாட்டை அளந்த லாம்டன்

மலைகளையும் ஆறுகளையும் கடந்து ஒரு பெருநாட்டையே அளந்த கணித அறிஞர் ஒருவரின் வரலாற்றை இங்குக் காண்போம்.

வில்லியம் லாம்டன் 18ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் இங்கிலாந்தின் யார்க்சையரில் எளிய குடும்பமொன்றில் பிறந்தார். படைவீரராகி அமெரிக்க விடுதலைப் போரில் ஈடுபட்டு, 1781இல் சிறைப்பட்டார். பின்னர்க் கனடாவில் பணியாற்றிய காலத்தில் கணித நூல்களைத் தாமே பயின்று தேர்ந்தார். 1799இல் நிகழ்ந்த சீரங்கப்பட்டினப் போருக்குப்பின், தென்னிந்தியாவைப் பிழையின்றி அளக்கும் திட்டமொன்றை அரசிடம் அளித்தார். ஊர்களுக்குச் செல்லும் வழி பல்லக்குத் தூக்குவோர்க்கே தெரியும். இதற்கு வீண் செலவு எதற்கு என்று எள்ளியோரும் இருந்தனர். லாம்டன் மனந்தளரவில்லை.

அவர் துணைகொண்டது நாம் வடிவகணிதத்தில் கற்கும் சர்வசம முக்கோணங்களின் உண்மையையே. ஒன்றன்மேல் ஒன்றை வைத்தால் முற்றும் பொருந்தும் முக்கோணங்கள் சர்வசமமானவை. இதனை அறிய மூன்று பக்கங்களையும் மூன்று கோணங்களையும் ஒப்பிட வேண்டுவதில்லை. ஒரு பக்கமும் அதன் இரு முனைகளிலுள்ள கோணங்களும் சமமாயின், மற்றவையும் தாமே சமமாகும். ஆனால், மூன்று கோணங்கள் மட்டும் சமமாயிருந்தால் போதாது. அப்போது வடிவம் ஒன்றாயிருக்கும்; அளவு வேறுபடலாம். ஆகவே, ஒரு பக்கத்தையேனும் அளந்தே தீரவேண்டும்.

நம் கெடாவின் ஜெராய் மலையை எண்ணிப் பாருங்கள். சமவெளியில் ஒரு நேர்க்கோட்டை அளந்து, அதன் இரு முனைகளிலிருந்தும் மலையுச்சி தெரியும் கோணங்களைக் குறித்துக்கொண்டால், அவ்வளவுகளுக்குப் பொருந்தும் முக்கோணம் ஒன்றே ஒன்றுதான். எனவே, மலைக்குச் செல்லாமலே அதன் தூரத்தைக் கணக்கிடலாம்.

1802 ஏப்ரல் 10ஆம் நாள் சென்னைப் பரங்கிமலையருகே அடிக்கோட்டை அளக்கும் பணி தொடங்கியது. 100 அடி நீளமுள்ள எஃகுச் சங்கிலியை ஏறத்தாழ 400 முறை நீட்டி, ஏழரை மைல் தூரத்தை 57 நாள்களில் அளந்தார். வெப்பத்தால் எஃகு நீளும் என்பதால், சங்கிலியை மரப்பெட்டிகளுள் கிடத்தி, வெப்பமானியையும் உடன் வைத்துத் திருத்தம் செய்தார். பின்னர், கணக்கிட்டறிந்த ஒவ்வொரு பக்கமும் அடுத்த முக்கோணத்திற்கு அடிக்கோடாயிற்று. இவ்வாறு முக்கோணங்கள் சங்கிலித்தொடராய் நாடெங்கும் பரவின.

கோணங்களை அளக்க, அரை டன் எடையுள்ள தியோடலைட் என்னும் பெருங்கருவி இங்கிலாந்திலிருந்து வந்தது. அதனை மலைதோறும் சுமந்து ஏற்றிய தொழிலாளரின் உழைப்பு போற்றத்தக்கது. குன்றுகளற்ற சோழநாட்டுச் சமவெளியில் கோயில் கோபுரங்களே குன்றுகளாயின. 1808இல் தஞ்சைப் பெரிய கோயிலின் உயரத்திற்கு அக்கருவியை ஏற்றுகையில், அது சுவரில் மோதிச் சிதைந்தது. அதன் வட்டம் நெளிந்து போயிற்று. ஆண்டுக்கணக்கான உழைப்பு அத்துடன் முடிந்ததென யாவரும் கலங்கினர். லாம்டனோ ஒரு பெரும்பலகையில் சரியான அளவில் வட்டம் வெட்டி, ஆப்புகளாலும் திருகாணிகளாலும் நெளிந்த பகுதியைச் சிறிது சிறிதாக நிமிர்த்தினார். ஆறு வாரங்களில் கருவி மீண்டும் பயன்பாட்டிற்கு வந்தது.

கன்னியாகுமரியிலிருந்து வடக்கு நோக்கி அளந்துகொண்டே சென்ற லாம்டன், முதுமையும் நோயும் வாட்டியபோதும் பணியை விடவில்லை. 1823 சனவரி 20ஆம் நாள், இன்றைய மகாராட்டிரத்திலுள்ள இங்கன்காட் என்னுமிடத்தில் உயிர்நீத்தார். அவர் தொடங்கிய பணி பிறரால் தொடரப்பட்டது. அதன் வழியே, ராதாநாத் சிக்தார் என்னும் வங்கக் கணித அறிஞரின் கணக்குகளால் உலகின் மிகவுயர்ந்த சிகரம் எதுவென்பது தெரியவந்தது. எவரெஸ்ட்டு எனப் பின்னர்ப் பெயர் பெற்ற அச்சிகரத்தின் உயரம் 29,002 அடி என 1856இல் அறிவிக்கப்பட்டது. கணக்கிட்டோருள் ஒருவரும் அதன் உச்சியில் கால் வைத்ததில்லை!

மாணவர்களே! முதற்கோட்டில் பிழை நேர்ந்தால், அதனைத் தொடரும் முக்கோணங்கள் யாவும் பிழைபடும். ஆதலின் லாம்டன் அதற்கென 57 நாள்களைச் செலவிட்டார். தொடக்கப்பள்ளியில் நாம் கற்கும் பாடங்களும் நம் வாழ்வின் அடிக்கோடே. அதனைப் பொறுமையுடனும் கவனத்துடனும் வரைவோமாக!