101 பேருக்குப் பின் வந்த வீரர்!

அமெரிக்காவில் புட்பால் என்று சொல்வது, நாம் காலால் உதைத்து ஆடும் பந்தாட்டம் அல்ல. அங்கே பந்து முட்டை வடிவத்தில் இருக்கும். அதைக் கையில் எடுத்துக்கொண்டு ஓடலாம், எறியலாம். எதிரியின் எல்லைக்குள் கொண்டுபோய்ச் சேர்த்துவிட்டால் அதற்கு டச்டவுன் என்று பெயர்.

ஒரு கோஷ்டிக்கு 11 பேர். அவர்களில் மூளை போன்றவர், குவார்ட்டர்பேக். பந்தை யாரிடம் கொடுப்பது, யாருக்கு எறிவது என்பதெல்லாம் அவர் பொறுப்பு. யோசித்துக்கொண்டு நிற்க முடியாது. எதிரிகள் மலை போல் அவர் மேல் வந்து விழுவார்கள்!

இந்த வேலையில் அமெரிக்கா முழுவதும் புகழ் பெற்றவர் ஜானி யூனிடாஸ். ஆனால் 1955-ம் ஆண்டில் அவரைச் சீந்துவார் இல்லை. 101 பேரைப் பொறுக்கி எடுத்த பிறகே அவர் பெயரைச் சொன்னார்கள். அப்படி ஏன் நடந்தது?

நிலக்கரி வியாபாரி மகன்

பிட்ஸ்பர்க் நகரில் 1933-ம் ஆண்டு மே 7-ந் தேதி ஜானி பிறந்தார். தந்தை வீடுகளுக்கு நிலக்கரி கொண்டுபோய்க் கொடுக்கும் சிறு வியாபாரி. ஜானிக்கு 5 வயதாக இருக்கும்போது அவர் நிமோனியா காய்ச்சலில் இறந்துபோனார். வீட்டில் 4 குழந்தைகள். தாயார் நிலக்கரி வியாபாரத்தைத் தாமே நடத்தினார். இரவுப் பள்ளியில் கணக்கு எழுதவும் கற்றுக்கொண்டார். அந்த அம்மாளின் உழைப்பில்தான் குடும்பம் தலை நிமிர்ந்தது.

பள்ளிக்கூடத்தில் ஜானி பந்து எறிவதில் கெட்டிக்காரர். பெயர் பெற்ற நோட்ரடேம் பல்கலைக்கழகத்தில் சேர ஆசைப்பட்டார். போய் ஆடிக் காட்டினார். ஆள் மிகவும் ஒல்லி என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். உள்ளூர்ப் பல்கலைக்கழகம் இடம் கொடுக்க முன்வந்தது. நுழைவுப் பரீட்சையில் அவர் தேறவில்லை. கடைசியில் கென்டக்கி மாநிலத்தில் உள்ள லூயிவில் பல்கலைக்கழகம் அவரைச் சேர்த்துக்கொண்டது. அப்போது அவர் உயரம் 6 அடி 1 அங்குலம். எடையோ 145 ராத்தல்தான்!

தோற்ற கோஷ்டியில் ஒரு கெட்டிக்காரர்

முதல் ஆண்டிலேயே ஓர் ஆட்டத்தில் தொடர்ந்து 11 முறை எறிந்து, 11 முறையும் பந்தைத் தம் ஆட்களிடம் சேர்த்தார். ஆனால் 1952-ல் பல்கலைக்கழகத்துக்குப் புதிய தலைவர் வந்தார். விளையாட்டுக்குக் கொடுத்துவந்த உதவிப் பணத்தைக் குறைத்தார். படிப்பிலும் கண்டிப்பு வந்தது. பல ஆட்டக்காரர்கள் உதவிப் பணத்தை இழந்தார்கள். கோஷ்டி சோடை போய்விட்டது.

பந்து எறிந்த ஜானி, எதிரிகளைத் தடுக்கவும் நிற்க வேண்டியதாயிற்று. 1953-ல் டென்னசி கோஷ்டியிடம் 59-6 என்று படுதோல்வி. அன்று பட்ட அடியில் ஜானியால் கையைத் தூக்க முடியவில்லை. சட்டையை வெட்டித்தான் எடுத்தார்கள். அந்த ஆண்டு 8 ஆட்டங்களில் 7 தோல்வி. அடுத்த ஆண்டில் காயங்கள் வேறு!

1955 ஜனவரியில் தொழில் கோஷ்டிகள் ஆள் எடுக்கக் கூடின. மொத்தம் 12 கோஷ்டிகள், 30 சுற்றுகள். ஒவ்வொரு சுற்றிலும் கோஷ்டிக்கு ஒருவராக, கல்லூரி ஆட்டக்காரர்களை எடுப்பார்கள். நாட்டில் நடக்கும் எல்லா ஆட்டங்களையும் நேரில் போய்ப் பார்க்கக் கோஷ்டிகளிடம் ஆட்கள் ஏது? பெரிய கல்லூரியா, எத்தனை வெற்றி, உடம்பு எப்படி என்றுதான் பார்த்தார்கள். மூன்றிலும் ஜானிக்குக் குறை. கையின் திறமையை யார் பார்த்தார்கள்?

முதல் ஆளாகப் பால்டிமோர் கோல்ட்ஸ் கோஷ்டி எடுத்தது ஜார்ஜ் ஷா என்ற குவார்ட்டர்பேக்கை. ஜானியை 9-வது சுற்றில், 102-வது ஆளாக, சொந்த ஊர் பிட்ஸ்பர்க் ஸ்டீலர்ஸ் எடுத்தது.

அங்கேயும் நிலைக்கவில்லை. 3 குவார்ட்டர்பேக் இடங்களுக்கு 4 பேர் இருந்தார்கள். முதலாளி ஆர்ட் ரூனியின் பிள்ளைகளுக்கு ஜானியின் எறி மிகவும் பிடித்திருந்தது. பயிற்சியாளர் வால்ட் கீஸ்லிங்குக்குப் பிடிக்கவில்லை. பயிற்சி ஆட்டம் ஒன்றில்கூட அவரை இறக்கிப் பார்க்காமல் சீட்டைக் கிழித்துவிட்டார்! ஆடவிடாமலே ஒருவரை எடை போடுவது என்ன நியாயமோ!

ஜானிக்குக் கல்யாணமாகி ஓர் ஆண்டுகூட ஆகவில்லை. பஸ்சுக்குக் கொடுத்த பணத்தை மிச்சம் பிடித்து, வழியில் வந்த கார்களில் இடம் கேட்டு ஏறி ஊர் போய்ச் சேர்ந்தார். பகலில் கட்டட வேலை. மற்ற நேரத்தில் புளூம்பீல்டு ராம்ஸ் என்ற உள்ளூர்க் கோஷ்டியில் ஆட்டம். ஆட்டத்துக்குக் கூலி 6 டாலர். மைதானம் கட்டாந்தரை!

80 செண்ட் டெலிபோன்

1956-ல் கோல்ட்ஸ் கோஷ்டிக்கு ஒரு மாற்று ஆள் தேவைப்பட்டார். மானேஜர் டான் கெல்லெட் ஜானியை டெலிபோனில் கூப்பிட்டார். அதற்கு ஆன செலவு 80 செண்ட் என்பார்கள். கோஷ்டியில் நிலைத்தால் ஆண்டுச் சம்பளம் 7,000 டாலர் என்று பேச்சு.

அக்டோபரில் சிகாகோ பேர்ஸ் கோஷ்டியுடன் நடந்த ஆட்டத்தில் ஜார்ஜ் ஷாவுக்குக் காலில் பலத்த அடி. 1-வது ஆளின் இடத்தில் 102-வது ஆள் இறங்கினார். ஜானி எறிந்த முதல் பந்தையே எதிரி ஒருவர் பறித்துக்கொண்டு ஓடி டச்டவுன் போட்டுவிட்டார். 58-27 என்று கோல்ட்ஸ் தோற்றது. வேறு ஆளாக இருந்தால் ஒடிந்துபோயிருப்பார். ஜானி ஒடியவில்லை. ஷாவுக்கு அந்த இடம் திரும்பக் கிடைக்கவும் இல்லை.

1958 டிசம்பர் 28-ந் தேதி, நியூயார்க் யாங்கி ஸ்டேடியத்தில் இறுதி ஆட்டம். முடிய 2 நிமிஷம்கூட இல்லை. நியூயார்க் ஜயண்ட்ஸ் 17, கோல்ட்ஸ் 14. ஜானி பதறவில்லை. ரேமண்ட் பெரி என்ற தோழருக்கு அடுத்தடுத்து 3 எறி. 62 கெஜம் முன்னேற்றம்! 7 விநாடி மிச்சமிருந்தபோது கோல்ட்ஸ் பந்தை உதைத்துச் சமன் செய்தது.

இறுதி ஆட்டம் ஒன்று கூடுதல் நேரத்துக்குப் போனது அதுவே முதல் தடவை. ஜானி 80 கெஜம் படிப்படியாகக் கோஷ்டியை நடத்திச் சென்றார். ஆலன் அமீச்சி கடைசி கெஜத்தைத் தாண்டினார். 23-17! கோடிக்கணக்கானவர்கள் டெலிவிஷனில் பார்த்தார்கள். அமெரிக்காவில் இந்த ஆட்டத்துக்கு மவுசு ஏறியதில் அந்த நாளுக்குப் பெரும் பங்கு உண்டு.

1973-ல் அவர் சான் டியேகோ சார்ஜர்ஸ் கோஷ்டிக்குப் போனார். அடுத்த ஆண்டு ஓய்வு பெற்றார். எறிந்து சேர்த்த டச்டவுன் 290. 2002 செப்டம்பர் 11-ந் தேதி, 69-வது வயதில், மாரடைப்பால் காலமானார்.

தொடர்ந்து 47 ஆட்டங்களில் டச்டவுன் எறிந்த அவருடைய சாதனை 1960 முதல் அரை நூற்றாண்டு அசையாமல் நின்றது. 2012-ல் அதை முறியடித்தவர் ட்ரூ பிரீஸ். 2001-ல் ஆள் எடுத்தபோது அவரும் முதல் சுற்றில் விலை போகவில்லை. உயரம் போதாது என்றார்கள்!